மகள் ஓட்டிய விமானத்தில் முருகனை அழைத்தேன்

கண்ணாடிக் குழாயை டாக்டர் மெல்லச் சாய்த்துக் காட்டினார். அதில் இருந்த என் கணவரின் இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உறைய வேண்டிய நேரம் தாண்டியும் உறையவில்லை.

முருகனை நம்பி வாழும் என் சொந்தங்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் மலேசியாவில், கேமரன் மலையின் தானா ராத்தா ஊரில் அரசாங்க மருந்தாளராக வேலை செய்கிறவள். பல வருடங்களாகப் பிறருக்கு மருந்து எடுத்துக் கொடுத்த கை இது.  விஷயம் தெரிந்திருப்பதே அன்று எனக்குத் தண்டனையாகிவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் கோமதி. என் கணவர் இராஜேந்திரன் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். தோட்டத்தில் இன்னமும் அவரைக் கங்காணி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு ஒரே மகள். பெயர் லோகேஸ்வரி, வீட்டில் பாப்பா. ஈப்போவில் விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் ஒரு பள்ளியில் அவள் பயிற்றுநர். தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை இன்று மற்றவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறாள். இதைச் சொல்லும்போதே என் கழுத்து நிமிர்ந்துவிடும். முருகன் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

போன கார்த்திகை மாதம், ஒரு திங்கட்கிழமை. இரண்டு நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த காலை. கவாத்து செய்ய வேண்டிய செடிகளைப் பார்த்துக்கொண்டே போன என் கணவர், ஒரு செடியை விலக்கக் கையை நீட்டியிருக்கிறார். கொழுந்து நிறத்திலேயே அங்கே சுருண்டு கிடந்தது பச்சை விரியன். மணிக்கட்டில் கொத்திவிட்டது.

தோட்டத்து ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார்கள். நான் பதறி ஓடினேன். அவரோ என்னைச் சமாதானப்படுத்தினார்.

“இலைன்னு நெனச்சேன் கோமதி. கொத்துனப்புறம்தான் பாம்புன்னு தெரிஞ்சிச்சு. நீ பயப்படாத லா.”

அங்கே கையிருப்பில் இருந்த விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றினார்கள். கை வீக்கம் முழங்கையைத் தாண்டியதும் ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரிகள் எங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டன. ஈப்போவிலும் மருந்து ஏற்றினார்கள். இனி பயமில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அவர் பல் ஈறில் இரத்தம் கசிந்தது. ஊசி போட்ட இடத்தில் நிற்காமல் வந்தது. அதன் பிறகுதான் அந்தக் கண்ணாடிக் குழாய்ச் சோதனை.

“இன்னும் மருந்து ஏத்தணும்,” என்றார் டாக்டர். “ஆனா கையிருப்பு முடிஞ்சுபோச்சு.”

அந்த வாரம் வேறு இரண்டு பேருக்கும் அதே மருந்து தேவைப்பட்டிருந்தது. அது யார் தப்பும் இல்லை. சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் கேட்டுவிட்டார்கள். போதிய அளவு கிழக்குக் கரையில் இருக்கும் கோத்தா பாருவில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பக்கமெல்லாம் அப்போது வெள்ளம். குவா மூசாங் வழியாகப் போகும் சாலையைப் பல இடங்களில் மூடியிருந்தார்கள். கோலாலம்பூர் சுற்றி விமானத்தில் அனுப்பினால் மறுநாள்தான் கைக்கு வரும்.

மறுநாள் வரைக்கும் தாங்குமா என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை. அவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வராண்டாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தேன். அழுகை வரவில்லை. நெஞ்சு காய்ந்து கிடந்தது. முருகா, உன் கிழமையிலேயா என் தலையில் இடியைப் போடுகிறாய் என்று கேட்டேன். அதுகூடப் பிரார்த்தனை இல்லை. கோபம்.

அப்போது பாப்பா வந்தாள். வேலைக்குப் போகும் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. அவளுக்கு டாக்டர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

“மா, நான் போயி எடுத்துட்டு வந்துடுறேன்.”

“எங்க?”

“கோத்தா பாருக்குத்தான். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். இப்பக் கெளம்புனா சாயங்காலத்துக்குள்ள வந்துடலாம். ஆனா மருந்த வாங்கிட்டு வர ஆஸ்பத்திரி ஆளு ஒருத்தர் கூட வரணும். நீங்க வாங்கம்மா.”

 என் மகள் ஓட்டும் விமானத்தில் அதுவரை நான் ஏறியதே இல்லை. அவள் அப்பா நாலைந்து முறை போய்விட்டு வந்து, நம் தோட்டத்தை மேலிருந்து பார்த்தால் பாய் விரித்த மாதிரி இருக்கிறது என்று கதை கதையாகச் சொல்லுவார். நான் மட்டும் கீழே நின்று கை காட்டுகிறவள். உயரம் என்றாலே எனக்குப் பயம்.

ஈப்போ மருத்துவமனையின் மருந்தகத் தலைவர் தொலைபேசியில் இரண்டு பக்கமும் பேசி முடித்தார். பெட்டியை வாங்கிவர என்னையே நியமித்தார். நான் என் கணவரின் கட்டிலுக்குப் போனேன். அவர் தங்கை, என் நாத்தனார், பக்கத்தில் இருந்தார். ஈரத் துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னாங்க, நானும் பாப்பாவும் போயி மருந்து எடுத்துட்டு வரோம்,” என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். பல்லெல்லாம் சிவப்பு.

“பாப்பா ஓட்டுனா ஒனக்கு என்னா பயம்? கண்ண மூடிக்காத கோமதி. நம்ம தோட்டத்தப் பாரு.”

பாப்பாவின் விமானப் பள்ளிக்குப் போனோம். அதன் தலைவர் கேப்டன் லிம், நரைத்த தலை, அதிகம் பேசாத சீனர். அவர் பாப்பாவைத் தனியே கூப்பிட்டு நிறுத்தி மலாயில் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். “உன் அப்பா இப்படி இருக்கும்போது உன்னால் ஓட்ட முடியுமா? முடியாது என்றால் சொல், வேறு ஆளை அனுப்புகிறேன். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.”

பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள். உடனே சரி என்று சொல்லாமல் யோசித்தாளே, அதுதான் எனக்குப் பிடித்தது. பிறகு சொன்னாள்: “முடியும் கேப்டன். வானம் மோசமானால் திரும்பிவிடுவேன்.”

அவர் தலையாட்டினார். வானிலைத் தகவலை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். காலையில் மலைத்தொடர் மேல் மேகம் குறைவு. பகல் தாண்டினால் கூடிவிடும். அவ்வளவுதான் உத்தரவாதம்.

விமானம் நாலு பேர் மட்டும் உட்காரக் கூடியது. எங்கள் பழைய வேனைவிடச் சின்னது. கதவைச் சாத்தியபோது தகர டப்பாவைச் சாத்தின மாதிரி சத்தம். நான் வாரைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் சரவணபவ, சரவணபவ என்று சொல்ல ஆரம்பித்தேன். சக்கரம் தரையை விட்டதும் வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

பாப்பா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் பேசினாள். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. பதற்றமும் அவசரமும் இல்லாத குரல். மறுபக்கத்தில் பேசிய ஆம்பளையின் குரலில் மரியாதை தெரிந்தது. சமையலறையில் கிச்சாப் சாஸ் போத்தலை மூடாமல் வைத்ததற்கு முந்தின வாரம்தான் இந்தப் பிள்ளையைத் திட்டியிருந்தேன்.

மலைக்குப் போகும் சிம்பாங் பூலாய் சாலையை ஒட்டியே அவள் விமானத்தை உயர ஏற்றிக்கொண்டு போனாள். நான் கண்ணை மூடவில்லை. கீழே கம்போங் ராஜா. பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள் வெள்ளை வெள்ளையாக. அதன் அந்தப் பக்கம் தேயிலை. வளைந்து வளைந்து வரிசை பிடித்து, மலையைச் சீவி விட்டது போல. நாங்கள் வாழும் இடம் இவ்வளவு அழகு என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

“அப்பா சொன்னது உண்மதான்மா?” என்று கேட்டாள்.

“ம்,” என்றேன். 

லோஜிங் தாண்டியதும் காடு. பிறகு வெள்ளம். சாலையும் வயலும் தெரியவில்லை, எல்லாம் ஒரே பால் தேத்தண்ணி நிறம். கூரைகள் மட்டும் மிதப்பதுபோல் நின்றன. அந்த வழியில் எந்த வண்டியும் வந்திருக்க முடியாது.

கோத்தா பாருவில் இறங்கினோம். பெரிய பெரிய விமானங்களுக்கு நடுவே எங்களுடையது குஞ்சுபோல நின்றது. பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் தண்ணீர். காத்திருந்தோம். பாப்பா மேற்கே மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  

ஒருவழியாகத் தீயணைப்பு லாரி ஒன்று வந்தது. அதிலிருந்து என் வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்க்காரப் பெண் இறங்கினார். முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. குளிர்ப்பெட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கோத்தா பாரு மருத்துவமனையின் மருந்தாளர். காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்று பெயர். அவர் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர் என்று கூட வந்தவர் சொன்னார். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் பெட்டியைத் திறந்து மருந்தைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன். காக் ரோஸ் பாப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்க மகளா விமானி?” என்று மலாயில் கேட்டார்.

“ஆமா, என் மகள்தான்.”

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். “போங்க. நீங்க உங்க கடவுளைக் கூப்பிடுங்க, நான் என் கடவுளைக் கூப்பிடுறேன். நேரம் போக்காதீங்க.” பொட்டலம் கட்டின சோறு இரண்டையும் என் கையில் திணித்தார். தன் வீடு முழுகிக் கிடக்கும் நாளில் எங்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என் முருகன் அன்று முதலில் என் கண்ணுக்குத் தெரிந்தது தலையில் முக்காடு போட்ட அந்த அக்காவின் உருவத்தில்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, பிள்ளைக்குப் போடுகிற மாதிரி வார் போட்டேன். கிளம்பினோம்.

குவா மூசாங் தாண்டி மலை நெருங்கியபோது பார்த்தேன். காலையில் பார்த்த மலை இல்லை. இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். கீழே காட்டில் ஆரம்பித்து மேலே எங்கே முடிகிறது என்றே தெரியாத சுவர். விமானம் குலுங்கியது. பாப்பா வேகத்தைக் குறைத்துச் சுவரை ஒட்டினாற்போல வடக்கே போய்ப் பார்த்தாள். திரும்பித் தெற்கே வந்து பார்த்தாள். எங்கும் வழியில்லை.

“அப்படியே உள்ள பூந்து போயிட முடியாதாம்மா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம்தான் ஈப்போ. அந்தப் பக்கம்தான் அவர்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

“மாட்டேன்மா. உள்ள மல இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அப்பாவுக்காகக்கூட மேகத்துக்குள்ள போகமாட்டேன். மருந்து போயிச் சேரணும்னா நாம மொதல்ல போயிச் சேரணும். எண்ணெய் இருக்கிற வரைக்கும் கொஞ்சம் சுத்திப் பாக்குறேன். வழி தெரியலன்னா கோத்தா பாருக்கே திரும்பிடுவேன்.”

சொல்லிக்கொண்டே கருவிகளைப் பார்த்தாள்.  அப்பன் உயிர் அந்தப் பக்கம் ஊசலாடும்போது இப்படி ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! நான் பெற்ற பிள்ளை. என் பயமெல்லாம் அந்த நிமிடம் எங்கேயோ போய்விட்டது. மகள் அவள் வேலையைச் செய்கிறாள். என் வேலை என்ன? கேட்பது.

நான் வாய்விட்டே கேட்டேன்.

“முருகா, நீ மலையில இருக்கிறவன். நாங்களும் மலையில இருக்கிறவங்கதான். ஒன் மலையத் தாண்டி எங்க வீட்டுக்குப் போகணும். கொஞ்சம் வழி விடப்பா.”

நேர்த்திக்கடன் எதுவும் பேசவில்லை. அதைச் செய்கிறேன், இதைத் தருகிறேன் என்று சொல்லத் தோன்றவே இல்லை. வழி மட்டும்தான் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். பக்கத்தில் பாப்பாவும் முணுமுணுப்பது கேட்டது. அவள் கண் மட்டும் வெளியே, கருவியில், வெளியே, கருவியில்.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. எண்ணெய் காட்டும் முள்ளைப் பார்த்து, “மா, இதுக்கு மேல நிக்க முடியாது,” என்றாள். திரும்பப் போவதாகக் கோபுரத்துக்குச் சொல்ல ஒலிவாங்கியைத் தொட்டாள்.

அப்போதுதான் இடது பக்கச் சன்னலில் பச்சை தெரிந்தது.

முதலில் ஒரு கீற்று. பிறகு அகன்றது. வெள்ளைச் சுவர் இரண்டாக விலகி, நடுவில் வெயில் இறங்கி, அதன் அடியில் தேயிலை. வரிசை வரிசையாய் எங்கள் தேயிலை! அதற்கு அப்பால் ஈப்போ பக்கத்துச் சமவெளி வரைக்கும் வானம் திறந்து கிடந்தது.

“பாத்தியா? பாத்தியா?” என்று நான் கத்தினேன்.

பாப்பா கத்தவில்லை. ஒரு முறைக்கு இருமுறை பார்த்தாள். அந்தக் கடைசி வரை தெளிவாகத் தெரிகிறதா, போகப் போக மூடினால் திரும்ப இடம் இருக்கிறதா என்று வாய்விட்டே சொல்லிச் சரிபார்த்தாள். அதன் பிறகுதான் விமானத்தைத் திருப்பினாள். இரண்டு பக்கமும் மேகம் மதில் மாதிரி நின்றது. நடுவில் நாங்கள் போனோம். கீழே குவார்ட்டர்ஸ் கூரைகளைப் பார்த்தேன். லைன் வீடுகளுக்கு நடுவே எங்கள் தோட்டத்துக் கோவில் கோபுரம், சுண்டு விரல் அளவு. கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். வழி மூடிக்கொண்டிருந்தது.

ஈப்போவில் சக்கரம் தரையைத் தொட்டபோது கேப்டன் லிம் காரை ஓடுதளத்துக்கு வெளியே தயாராக வைத்திருந்தார். என்னையும் பெட்டியையும் அவரே மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார். போகும் வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அதுவும் தமிழில். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். “நல்ல பிள்ள.”

மருந்து ஏறியது. அன்று இரவு ஈறில் கசிவு குறைந்தது. மறுநாள் டாக்டர் மறுபடி குழாயைச் சாய்த்தார். இரத்தம் கட்டியாக அப்படியே நின்றது. அவர் என் தோளில் தட்டினார். என் கணவர் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, “தோட்டத்தப் பாத்தியா?”

“பாத்தேங்க.”

“நான் சொன்னேன்ல?”

இப்போது அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். முழங்கை வரை தடித்த கையுறை போட்டுக்கொண்டுதான் செடியைத் தொடுகிறார். கடிபட்ட கையில் இரண்டு விரல் முழுசாக மடங்காது. தைப்பூசத்தன்று அந்தக் கையாலேயே பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாங்கள் வேண்டிக்கொண்ட கடன் இல்லை அது. சந்தோஷத்தில் எடுத்தது. தோட்டத்துக் கோவிலில் பாப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் பிள்ளைக்குக் கட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் பெண் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து, “பாருடி, அந்த அக்காதான்,” என்று காட்டினார்கள். அந்த நாள் எனக்குப் போதும்.

வெள்ளம் வடிந்த பிறகு காக் ரோஸ் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கியா பார்ம் சந்தைக்குக் கூட்டிப் போய் ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுத்தேன். நாங்கள் இப்போது அக்கா தங்கை மாதிரி.

நானும் மாறித்தான் போனேன். முன்பெல்லாம் மருந்துச் சன்னலுக்குப் பின்னால் நின்று, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். இப்போது யாராவது பயந்துபோய் வராண்டாவில் நிற்பதைப் பார்த்தால், ஒரு நிமிடம் வெளியே வந்து பக்கத்தில் உட்காருகிறேன். எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்பதில்லை. கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மருந்தகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான். “அக்கா, காத்தடிச்சா மேகம் வெலகத்தான் செய்யும். அது எப்பவும் நடக்கிறதுதான? சாமி எங்க வந்துச்சு?”

நான் கோபப்படவில்லை. “ஆமா தம்பி, காத்துதான்,” என்றேன். “நான் கேட்டதும் அதத்தான்.”

சொந்தங்களே, உங்களில் யார் முன்னாலாவது இன்று ஒரு வெள்ளைச் சுவர் நிற்கலாம். உங்கள் கையில் இருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள். கண்மூடித்தனமாக உள்ளே பாயாதீர்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அழகான வார்த்தை தேவையில்லை, வீட்டு ஆளிடம் கேட்பதுபோலக் கேளுங்கள். சன்னலை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்கள் முருகன் எந்தப் பக்கத்தில் வழியைத் திறப்பான் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டான்.